மாட்டு மாத்திரையை நாய் முழுங்கிடுச்சு: அந்த முதல் ஒரு மணி நேரத்துக்கு என்ன விலை?



வழக்கமா இங்க எஸ்ஐபி, ஹோம் லோன், வரின்னு பேசுவோம். இன்னைக்கு ஒரு நாயைப் பத்திப் பேசப் போறேன். "சி.ஏ. படிச்சுட்டு நாய்க்கு வைத்தியம் சொல்ல வந்துட்டியா"ன்னு கேட்காதீங்க. வைத்தியம் கால்நடை மருத்துவர் சொல்லட்டும். நான் சொல்லப் போறது பணத்தைப் பத்தி. இன்னும் சரியா சொன்னா, ராத்திரி நேரத்துல, பதட்டத்துல, "செலவு பண்ணலாமா, வேண்டாமா"ன்னு நாம எடுக்கிற அந்த ஒரு முடிவைப் பத்தி.

முதல்ல ஒரு தப்பை ஒத்துக்கிறேன்.

2011-ல நான் ஆர்ட்டிகல்ஷிப் பண்ணிட்டிருந்தேன். ஸ்டைபெண்ட் பஸ்ஸுக்கும் டீக்குமே சரியாப் போயிடும். வீட்ல ஒரு பூனை இருந்தது, மூணு கிலோ இருக்கும். ஒருநாள் உடம்பு சுட்டது, சாப்பிடல. டாக்டர்கிட்ட போனா 200 ரூபாயாவது ஆகும். எனக்குக் காய்ச்சல்னா என்ன போடுவேனோ அதையே பாதி உடைச்சு பால்ல கரைச்சுக் குடுத்தேன். பாராசிட்டமால், 500 மி.கி. மாத்திரையில பாதி. மறுநாள் காலையில அதோட முகமும் பாதமும் வீங்கி, ஈறு பழுப்பு நிறமா மாறிடுச்சு. அடுத்த நாள் இல்ல.

பூனையோட கல்லீரலுக்குப் பாராசிட்டமாலை உடைச்சு வெளியேத்துற வசதியே சரியா கிடையாதுன்னு அப்புறம்தான் படிச்சேன். கிலோவுக்கு 10 மி.கி. போனாலே பூனைக்கு ஆபத்து. நான் குடுத்தது கிலோவுக்கு 83 மி.கி. 200 ரூபாய் மிச்சம் பண்ணினேன். என் வாழ்க்கையில நான் பண்ணின சேமிப்புலயே ரொம்ப மோசமான சேமிப்பு அதுதான்.

அதனால, இந்த வருஷம் மார்ச்ல அதே மாதிரி ஒரு விஷயம் திரும்ப நடந்தப்போ, இந்தத் தடவை வேற மாதிரி நடந்துக்கிட்டேன். அதைத்தான் சொல்ல வர்றேன்.

அந்த ஞாயித்துக்கிழமை

மார்ச் கடைசி வாரம்னா எங்க தொழில்ல மூச்சு விட நேரம் இருக்காது. ஞாயித்துக்கிழமைகூட ஃபைலைத் தூக்கிட்டு குறிஞ்சிப்பாடி பக்கம் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அங்க ஒரு கறவை மாடு, ஒரு நாய். நாய் பேரு மணி. நாட்டு நாய், 18 கிலோ.

மாட்டுக்குக் கால்ல அடிபட்டு வீக்கம். டாக்டர் வந்து பார்த்துட்டு வலிக்கும் வீக்கத்துக்கும் மாட்டு மாத்திரை எழுதிக் குடுத்திருந்தார், நம்ம ஊர்ல 'போலஸ்'னு சொல்ற பெரிய மாத்திரை. வேளைக்கு ரெண்டு. மாடு சும்மா குடுத்தா துப்பிடும்னு தம்பி ரெண்டு வாழைப்பழத்துக்குள்ள வச்சு, வெல்லம் தடவி, தட்டுல வச்சுத் திண்ணையில வச்சான். ஒண்ணு மாட்டுக்குக் குடுத்துட்டு, தண்ணி எடுக்க உள்ள போயிட்டு வந்தான். தட்டு காலி. பக்கத்துல மணி வாயை நக்கிக்கிட்டு நின்னது. நேரம் 5.10.

அடுத்து நடந்ததை உங்க வீட்லயும் நீங்க கற்பனை பண்ணிக்கலாம்.

அப்பா: "நாய்தானே. புல்லைத் தின்னு வாந்தி எடுத்துடும்."

அம்மா: "உப்புத் தண்ணி கரைச்சு ஊத்திடலாம்மா. எங்க அம்மா அப்படித்தான் பண்ணுவாங்க."

தம்பி: "அக்கா, இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. ஆஸ்பத்திரி இருக்காது. காலையில பார்த்துக்கலாம். பாரு, நல்லாத்தானே இருக்கு?"

உண்மைதான். மணி நல்லாத்தான் இருந்தது. வாலை ஆட்டிக்கிட்டு இன்னொரு பழம் கேட்டது.

நான் கையில இருந்த கிளையன்ட் கவர் பின்னாடி கணக்குப் போட்டேன். மாத்திரை அட்டையில ரெண்டு பொருள் போட்டிருந்தது. மெலாக்சிகாம் 100 மி.கி., பாராசிட்டமால் 1500 மி.கி.

மாடு 350 கிலோ. ரெண்டு மாத்திரையும் மாட்டுக்கே போயிருந்தா, மெலாக்சிகாம் கிலோவுக்கு சுமார் 0.57 மி.கி. அதுக்கு அதுதான் சரியான அளவு.

நாய் 18 கிலோ. ஒரே ஒரு மாத்திரை. மெலாக்சிகாம் கிலோவுக்கு 5.5 மி.கி. நாய்க்கு மருத்துவர்கள் முதல் நாள் குடுக்கிற அளவு கிலோவுக்கு 0.2 மி.கி. அதாவது 27 மடங்குக்கு மேல. பாராசிட்டமால் கிலோவுக்கு 83 மி.கி. நாய்க்கு 100-ஐ நெருங்கினாலே கல்லீரலைப் பத்திக் கவலைப்படணும்.

இந்தக் கணக்குப் போட எனக்கு ரெண்டு நிமிஷம் ஆச்சு. வீட்ல பேசி முடிக்கத்தான் 40 நிமிஷம் ஆச்சு. அந்த 40 நிமிஷம்தான் இந்தப் பதிவோட விஷயமே.

முதல் நாள் ஒண்ணும் தெரியாது, அதுதான் ஆபத்து

"நல்லாத்தானே இருக்கு"ங்கிற வார்த்தைதான் இந்த விஷயத்துல நிறைய உயிரை எடுக்குது.

மெலாக்சிகாம் மாதிரி வலி மாத்திரைகள் அளவுக்கு மீறி உள்ள போனா, வயித்துலயும் குடல்லயும் புண் வரும், சிறுநீரகம் அடிபடும். ஆனா இது உடனே வெளிய தெரியாது. வாந்தி, தார் மாதிரி கருப்பா மலம், சாப்பிடாம சுருண்டு படுக்கிறது, அளவுக்கு மீறித் தண்ணி குடிக்கிறது, இதெல்லாம் ஒரு நாள், ரெண்டு நாள் கழிச்சுக்கூட வரலாம். அறிகுறி தெரியுற நேரத்துல சேதம் ஏற்கெனவே நடந்து முடிஞ்சிருக்கும்.

கிரெடிட் கார்டுல மினிமம் டியூ மட்டும் கட்டுறவங்க கதை மாதிரிதான். முதல் மாசம் ஒண்ணுமே ஆகாத மாதிரி இருக்கும். ஆனா மீட்டர் ஓடிக்கிட்டே இருக்கும்.

வயித்துல இருக்கிற மாத்திரையை வாந்தி எடுக்க வச்சு வெளிய கொண்டு வர்றதுக்கு இருக்கிற நேரம் பொதுவா ஒண்ணு, ரெண்டு மணி நேரம்தான். அதுக்கப்புறம் மருந்து ரத்தத்துல கலந்துடும். அப்புறம் செய்யுறது எல்லாம் சேதத்தைக் குறைக்கிற வைத்தியம்: ட்ரிப்ஸ், ரத்தப் பரிசோதனை, நாள் கணக்குல கண்காணிப்பு. செலவு ஏறும், பிழைக்கிற வாய்ப்பு இறங்கும். முதல் ஒரு மணி நேரத்துல செலவு பண்ற பணத்துக்குக் கிடைக்கிற பலன், மூணாவது நாள் பத்து மடங்கு செலவு பண்ணாலும் கிடைக்காது.

அப்போ என்ன பண்ணணும்?

எங்களுக்கு அன்னைக்கு டாக்டர் சொன்னதையும், நான் அப்புறம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதையும் சேர்த்துச் சொல்றேன்.

1. முதல்ல மிச்சம் இருக்கிற மாத்திரையை எல்லாம் எடுத்து மேல வைங்க. வீட்ல வேற நாய், பூனை இருந்தா அதுவும் சாப்பிட்டிருக்கலாம்னு எடுத்துக்கோங்க. எது சாப்பிட்டதுன்னு பார்க்கலைன்னா எல்லாத்தையும் சந்தேகப்படுங்க.

2. அட்டையை எண்ணுங்க. வாங்கினது எத்தனை, குடுத்தது எத்தனை, மிச்சம் எத்தனை. ஸ்டாக் சரிபார்க்கிற மாதிரிதான். சந்தேகம் இருந்தா அதிகமான எண்ணிக்கையையே கணக்குல வைங்க.

3. ஒரு பேப்பர்ல நாலு விஷயம் எழுதுங்க: மருந்து பேரு, எத்தனை மி.கி., எத்தனை மணிக்கு, நாயோட எடை. டாக்டர் கேக்கிற முதல் நாலு கேள்வி இதுதான்.

4. உடனே கால்நடை மருத்துவருக்கு ஃபோன் பண்ணுங்க. அறிகுறி வரட்டும்னு காத்திருக்காதீங்க. கிளம்பும்போது மாத்திரை அட்டையை எடுத்துட்டுப் போங்க. காலியான அட்டையா இருந்தாலும் பரவாயில்ல.

5. வீட்டுல எதையும் ஊத்தாதீங்க. உப்புத் தண்ணி வேண்டாம். உப்பு அதிகமாப் போனா அதுவே நாய்க்கு விஷம். புளித்தண்ணி, எண்ணெய், பச்சை முட்டை, தொண்டைக்குள்ள விரல் விடுறது, எதுவும் வேண்டாம். நாய் மயக்கமா இருந்தா வாந்தி நுரையீரலுக்குள்ள போயிடும். சில பொருள் உள்ள போனதை விட வெளிய வரும்போதுதான் அதிகமா புண்ணாக்கும். வாந்தி எடுக்க வைக்கலாமா, வேண்டாமாங்கிறது டாக்டர் முடிவு.

6. மருந்துக்குச் சொந்தக்கார மிருகத்தை மறந்துடாதீங்க. எங்க மாட்டுக்கு அன்னைக்கு ஒரு மாத்திரை குறைஞ்சுபோச்சு. திரும்பக் குடுக்கணுமா, அடுத்த வேளைக்குக் குடுத்தா போதுமான்னு அதையும் கேட்டுக்கோங்க.

தமிழ்நாட்டுல கால்நடைகளுக்கான நடமாடும் மருத்துவ ஊர்தியைக் கூப்பிட 1962-ன்னு ஒரு எண் இருக்கு. அது முக்கியமா கிராமத்து ஆடு மாட்டை மனசுல வச்சு ஏற்படுத்தினது. உங்க பகுதியில நாய்க்கு வருவாங்களா, எத்தனை மணி வரைக்கும்னு இப்பவே கேட்டு வைங்க. அதோட ரெண்டு தனியார் கால்நடை மருத்துவர் நம்பரையும் சேர்த்து வைங்க. ஒருத்தர் ஊர்ல இல்லைன்னா இன்னொருத்தர். பெரிய சிகிச்சைன்னா நம்ம பக்கத்துக்குப் புதுச்சேரி குரும்பாபேட்டுல ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, தஞ்சாவூர் பக்கம் ஒரத்தநாட்டுல கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. வடலூர்ல இருந்து எதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு அவசரம் வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்.

மணிக்கு ஆன பில்

நாங்க நெய்வேலியில ஒரு தனியார் மருத்துவர்கிட்ட போனோம். உள்ள நுழையும்போது மணி 6.25. விழுங்கி 75 நிமிஷம் ஆச்சு. ஊசி போட்டு வாந்தி எடுக்க வச்சார். வாழைப்பழத்தோட மாத்திரைத் துண்டும் வந்தது, முழுசா இல்ல. மிச்சத்தை உறிஞ்சிக்க கரித்தூள் கரைசல் குடுத்தார். பாராசிட்டமாலுக்கு மாற்று மருந்து, மூணு நாள் ட்ரிப்ஸ், வயித்துப் புண் வராம இருக்க மருந்து, முதல் நாளும் மூணாவது நாளும் சிறுநீரகம், கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை.

கணக்குப் பிள்ளை புத்தி, எல்லாத்தையும் எழுதி வச்சேன்:

அவசர ஆலோசனை: ரூ.500
ஊசி, கரித்தூள்: ரூ.1,100
மூணு நாள் ட்ரிப்ஸ், மாற்று மருந்து: ரூ.2,700
ரத்தப் பரிசோதனை ரெண்டு தடவை: ரூ.1,900
வீட்டுக்குக் குடுத்த மாத்திரை: ரூ.850
வண்டிச் செலவு: ரூ.800
மொத்தம்: ரூ.7,850

மணி பிழைச்சுது. நாலாவது நாள் திண்ணைக்குக் கீழ பழையபடி படுத்துக்கிச்சு.

அப்பா பில்லைப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லல. ரெண்டு நாள் கழிச்சு, "மாட்டு மாத்திரை எவ்வளவு?"ன்னு கேட்டார். மொத்த அட்டையும் நூறு ரூபாய்க்குள்ளதான். "நூறு ரூபாய் மாத்திரையைத் திண்ணையில வச்சதுக்கு எட்டாயிரமா"ன்னு சிரிச்சார். அவர் விளையாட்டாத்தான் சொன்னார். ஆனா இந்த வருஷம் நான் கேட்ட ரொம்பச் சரியான ஆடிட் குறிப்பு அதுதான்.

ஒரு உயிரோட மருந்து, இன்னொரு உயிரோட விஷம்

இது எங்க வீட்டுத் திண்ணையில மட்டும் நடந்த கதை இல்ல. இந்தியாவுக்கே நடந்திருக்கு. மாட்டு மருந்தை இன்னொரு உயிர் விழுங்கினா எவ்வளவு செலவாகும்னு பொருளாதார நிபுணர்களே கணக்குப் போட்டிருக்காங்க.

டைக்ளோஃபெனாக்னு ஒரு வலி மருந்து. மாட்டுக்கு மலிவா கிடைச்சுது, எல்லாரும் போட்டாங்க. அந்த மருந்து உடம்புல இருக்கும்போதே செத்த மாட்டைத் தின்ன பாறுக் கழுகுகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்துபோச்சு. ஆமா, மணிக்கு நாங்க பயந்த அதே சிறுநீரகம். 1990-களோட தொடக்கத்துல இருந்து 2007-க்குள்ள இந்தியாவுல வெண்முதுகுப் பாறுக் கழுகு 99 சதவீதத்துக்கு மேல அழிஞ்சுபோச்சு. காரணம் இந்த மருந்துதான்னு 2004-ல வெளிவந்த ஒரு ஆய்வு கண்டுபிடிச்சுது. 2006-ல கால்நடைக்கு டைக்ளோஃபெனாக்கைத் தடை பண்ணாங்க. அப்புறமும் மனுஷங்களுக்கான பெரிய பாட்டிலை வாங்கி மாட்டுக்குப் போட்டாங்க. அதனால 2015-ல மனுஷங்களுக்கான ஊசி மருந்து ஒரு தடவைக்கான 3 மி.லி. அளவுல மட்டும்தான் வரணும்னு கட்டுப்பாடு வந்தது. மருந்து நிறுவனங்கள் வழக்குப் போட்டப்போ, 2017-ல சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாடு செல்லும்னு சொல்லிடுச்சு. நம்ம மாநிலத்துல முதுமலை, சத்தியமங்கலம் பக்கம் மாயாறு பள்ளத்தாக்குல இன்னும் கொஞ்சம் பாறுக் கழுகுகள் மிச்சம் இருக்கு.

பணக் கணக்குக்கு வர்றேன். கழுகு போனதும் செத்த மாடு வெளியில அழுகிக் கிடந்தது, தண்ணி கெட்டுச்சு, தெருநாய் பெருகிச்சு. இயல் ஃபிராங்க், அனந்த் சுதர்ஷன்னு ரெண்டு பொருளாதார அறிஞர்கள் 2024-ல 'அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ' இதழ்ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. 2000-க்கும் 2005-க்கும் நடுவுல சுமார் 5 லட்சம் மனுஷங்க கூடுதலா இறந்திருக்காங்க, வருஷத்துக்கு சுமார் 69.4 பில்லியன் டாலர் இழப்புன்னு அவங்க மதிப்பிட்டிருக்காங்க. எல்லாம் ஒரு மலிவான மாட்டு மருந்துல இருந்து ஆரம்பிச்சது.

இதுல ஒரு வேடிக்கை என்ன தெரியுமா? கழுகுக்குக் கேடு பண்ணாத மாற்று மருந்துன்னு முன்னால கொண்டு வந்தது மெலாக்சிகாமைத்தான். மாட்டுக்கு நல்லது, கழுகுக்கு நல்லது. அளவு மீறினா மணிக்கு மட்டும் எமன்.

அதனால "இது நல்ல மருந்து, ஒண்ணும் ஆகாது"ங்கிற பேச்சுக்கு அர்த்தமே இல்ல. யாருக்கு, எவ்வளவு எடைக்கு, எத்தனை மி.கி.ன்னு கேட்காம எந்த மருந்தும் நல்லதும் இல்ல, கெட்டதும் இல்ல. கால்நடை மருந்து லேபிள்ல மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல, விலங்கு சிகிச்சைக்கு மட்டும்னு எழுதியிருக்கும், ஒரு மிருகத் தலை படமும் இருக்கும். நம்ம மனசு அதை 'மிருகத்துக்குன்னா எல்லா மிருகத்துக்கும்'னு படிச்சுக்குது. நாய்க்கு உண்ணி போக முதுகுல விடுற சில சொட்டு மருந்துல பெர்மெத்ரின் இருக்கும். நாய்க்கு ஒண்ணும் ஆகாது. பூனை அதை நக்கினா வலிப்பு வந்து செத்தே போகலாம். மாட்டுக்குப் போடுற ஐவர்மெக்டின், கோலி மாதிரி சில இன நாய்களுக்கு மூளையைத் தாக்கும். சின்ன நாய்க்குன்னு கறி வாசனையோட வர்ற வலி மாத்திரையைப் பெரிய நாய் டப்பாவோட தின்னுடும், ஏன்னா அதுக்கு அது பிஸ்கட்.

இப்போ பணத்துக்கு வருவோம்

என் கருத்தை நேரா சொல்லிடறேன்: எவ்வளவு செலவு பண்ணலாம்ங்கிற முடிவை அந்த ராத்திரி எடுக்காதீங்க. இன்னைக்கே எடுங்க.

அன்னைக்கு எங்க வீட்ல 40 நிமிஷம் வீணாச்சே, அதுக்குக் காரணம் யாருக்கும் மணி மேல பாசம் இல்லாதது இல்ல. "எவ்வளவு ஆகும்னு தெரியல"ங்கிற பயம்தான். அப்பா "வாந்தி எடுத்துடும்"னு சொன்னதுக்குப் பின்னாடியும், தம்பி "காலையில பார்த்துக்கலாம்"னு சொன்னதுக்குப் பின்னாடியும் இருந்தது பணக் கேள்வி. வாய்விட்டுக் கேட்கக் கூச்சம், அவ்வளவுதான். 2011-ல என் 200 ரூபாய்க்குப் பின்னாடி இருந்ததும் அதேதான்.

அதனால நாலு யோசனை.

ஒண்ணு: தனியா ஒரு நிதி. மாசம் 500 ரூபாய் ஆர்.டி. போட்டா 30 மாசத்துல வட்டி இல்லாமலே 15,000 ரூபாய். மாசம் 1,000 முடிஞ்சா 15 மாசம். உங்க எமர்ஜென்சி ஃபண்டோட இதைக் கலக்காதீங்க. கலந்தா "பையன் ஃபீஸ் பணத்துல நாய்க்கா"ன்னு அந்த ராத்திரி சண்டை வரும். பங்கு, ஈக்விட்டி ஃபண்டு எல்லாம் இதுக்கு வேண்டாம். ஞாயித்துக்கிழமை சாயந்திரம் யுபிஐ-ல உடனே அனுப்ப முடியிற பணமா இருக்கணும். முதல்ல ஒரு 5,000 சேர்ற வரைக்கும் சேவிங்ஸ் அக்கவுன்ட்லயே வைங்க. மிச்சத்தை ஆர்.டி. பண்ணுங்க.

ரெண்டு: ஒரு உச்சவரம்பு. குடும்பமா உட்கார்ந்து பேசி ஒரு தொகையை முடிவு பண்ணுங்க. "இதுவரைக்கும் யோசிக்காம செலவு பண்ணுவோம். இதுக்கு மேலன்னா டாக்டர்கிட்ட பிழைக்கிற வாய்ப்பு எவ்வளவுன்னு கேட்டு முடிவு பண்ணுவோம்." இப்படிச் சொன்னா சில பேருக்குக் கோபம் வரும். உயிருக்கு விலையான்னு கேப்பீங்க. 40,000 ரூபாய் கடன் வாங்கி வைத்தியம் பார்க்க முடியாத குடும்பம் கல்நெஞ்சக் குடும்பம் இல்ல. ஆனா 5,000 ரூபாயை யோசிக்காம செலவு பண்ணலாம்னு முன்னாடியே முடிவு பண்ணியிருந்தா, 40,000 ரூபாய் கேள்வியே பெரும்பாலும் வராது. உச்சவரம்பு செலவைக் குறைக்க இல்ல, தாமதத்தைக் குறைக்க.

மூணு: இன்சூரன்ஸ் எடுக்கலாம், ஆனா படிச்சுட்டு எடுங்க. இந்தியாவுல நாய்க்கு மருத்துவக் காப்பீடு இருக்கு. பஜாஜ் அலையன்ஸ் 2020-ல ஒண்ணு கொண்டு வந்தாங்க, அப்புறம் வேற நிறுவனங்களும் வந்தாங்க. எடுக்கிறதுக்கு முன்னாடி பாலிசி வாசகத்துல நாலு விஷயத்தைத் தேடுங்க: விஷம் உள்ள போனா கவர் உண்டா, உள்நோயாளியா சேர்த்தாதான் குடுப்பாங்களா, காத்திருப்புக் காலம் எவ்வளவு, தடுப்பூசிச் சான்றும் அடையாளச் சான்றும் என்ன கேக்கிறாங்க. விலை கொடுத்து வாங்கின ஜாதி நாய், பெருநகரம், பெரிய ஆஸ்பத்திரின்னா எடுக்கிறதுல அர்த்தம் இருக்கு. நம்ம ஊர்ல ஒரு நாட்டு நாய்க்கு, முதல் ஒரு மணி நேரத்துல டாக்டர்கிட்ட கட்ட வேண்டிய 2,000 ரூபாயை எந்த பாலிசியும் அந்த நேரத்துல கொண்டு வந்து குடுக்காது. முதல்ல நிதி, அப்புறம்தான் இன்சூரன்ஸ்.

நாலு: வரியில எதையும் எதிர்பார்க்காதீங்க. "இந்த பில்லை 80டி-ல காட்டலாமா"ன்னு கிளையன்ட்ஸ் கேக்கிறாங்க. முடியாது. அது நீங்க, வாழ்க்கைத் துணை, பிள்ளைங்க, பெத்தவங்களுக்குத்தான். இன்னொரு வேடிக்கை: தொழிலுக்கு வச்சிருக்கிற மாடு செத்தா அந்த இழப்பைத் தொழில் வருமானத்துல கழிக்க வருமான வரிச் சட்டத்துல வழி இருக்கு. அந்த மாட்டைக் காவல் காக்கிற வீட்டு நாய்க்கு ஒண்ணும் கிடையாது. ஒரே ஒரு நல்ல செய்தி, விலங்கு, பறவைகளுக்குக் கால்நடை கிளினிக் பண்ற மருத்துவ சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. ஆலோசனை, சிகிச்சைக் கட்டணத்து மேல ஜிஎஸ்டி போட்டிருந்தா மரியாதையா கேளுங்க. குளிப்பாட்டுறது, முடி வெட்டுறது இதுல வராது.

"நாய்க்கு எட்டாயிரமா?"

இந்தக் கேள்வி வரும்னு தெரியும். எங்க தெருவுலயே வந்தது. மனுஷனுக்கே வைத்தியம் பார்க்கக் காசில்லாத ஊர்ல இது பணக்காரத் திமிர் இல்லையான்னு ஒரு பெரியவர் கேட்டார்.

நான் அவர்கிட்ட சொன்னது இதுதான். நாய் வளர்க்கணும்னு கட்டாயம் இல்ல. ஆனா வளர்க்கிறோம்னு முடிவு பண்ணி, கட்டிப் போட்டு, நம்ம வீட்டு மருந்தை நாமே அதோட வாய்க்கு எட்டுற இடத்துல வச்சோம்னா, அந்தச் செலவு தர்மம் இல்ல, நம்ம பொறுப்பு. கணக்கு பாஷையில சொன்னா அது நன்கொடை இல்ல, கொடுக்க வேண்டிய கடன்.

எங்க ஊர் வடலூர். 1867-ல வள்ளலார் தருமசாலையில மூட்டின அடுப்பு இன்னைக்கு வரைக்கும் அணையாம எரியுதுன்னு உங்களுக்குத் தெரியும். எல்லா உயிர் மேலயும் இரக்கம்னு அவர் சொன்னதை எல்லாரும் பேசுறோம். நான் ஒரு கணக்குக்காரியா அந்த அடுப்பைப் பார்க்கும்போது எனக்கு வேற ஒண்ணு தோணும். நாளைக்குச் சமைக்க வேண்டிய அரிசி இன்னைக்கே உள்ள வந்திருக்கு. பசியோட ஒருத்தர் வந்து நின்னதுக்கப்புறம் அரிசி தேடப் போனா அந்த அடுப்பு என்னைக்கோ அணைஞ்சிருக்கும். இரக்கம் நம்ம எல்லார்கிட்டயும் இருக்கு. அதுக்கு முன்கூட்டியே எடுத்து வைக்கிற பழக்கம்தான் இல்ல.

இன்னைக்கு சாயந்திரம் பண்ண வேண்டியது

பதினைஞ்சு நிமிஷ வேலை.

வீட்டு மருந்தை மூணாப் பிரிங்க: மனுஷங்களுக்கு ஒரு டப்பா, மாட்டுக்கு ஒண்ணு, நாய் பூனைக்கு ஒண்ணு. மூணும் மூடி போட்ட டப்பா, மூணும் உயரத்துல. டப்பா மேல மார்க்கர்ல யாருக்குன்னு எழுதுங்க. திண்ணை, ஜன்னல் விளிம்பு, டிவி ஸ்டாண்டு இதெல்லாம் மருந்து வைக்கிற இடம் இல்ல.

பழத்துலயோ வெல்லத்துலயோ வச்சுக் குடுக்கிற மருந்தைக் கையிலயே வச்சிருந்து குடுங்க. தட்டுல வச்சுட்டு நகராதீங்க. ஒரு மிருகத்துக்குக் குடுக்கும்போது மத்ததைக் கட்டிப் போடுங்க. முழுங்கிச்சான்னு பார்த்துட்டு நகருங்க.

நாயோட எடையை எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டுங்க. எடை மெஷின்ல நாயைத் தூக்கிக்கிட்டு ஏறி நின்னு, உங்க எடையைக் கழிச்சா போதும். அதே பேப்பர்ல ரெண்டு டாக்டர் நம்பர், நீங்க முடிவு பண்ணின தொகை.

எங்க அம்மா வீட்டு ஃபிரிட்ஜ்ல இப்போ அந்தப் பேப்பர் இருக்கு. மணி, 18 கிலோ. ரெண்டு நம்பர். கீழ அப்பா கையெழுத்துல: "ரூ.5,000. கேட்க வேண்டாம், கிளம்பு."

அந்தக் கடைசி வரி நான் சொல்லி எழுதினது இல்ல. அவராவே எழுதினது.

உங்க வீட்டுப் பேப்பர்ல என்ன தொகை எழுதுவீங்கன்னு இன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது பேசுங்க. அடுத்த வீடியோல பழையபடி ஹோம் லோனுக்கு வந்துடறேன்.